ஒரே கட்டத்தில் இரண்டு ஒன்று

ஜூன் 12, வியாழன். காலை 138/88.

தினமும் பிரஷர் பார்த்து எழுத வேண்டுமாம். அன்றைக்கு என்ன வேலை செய்தேன் என்பதையும் எழுத வேண்டுமாம். எதனால் ஏறுகிறது என்று அப்போதுதான் தெரியுமாம். டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டார். சாயப்பட்டறை மிஷின்களுக்குக் கன்ட்ரோலர் செய்கிற கம்பெனியில் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறவளுக்கு எதனால் ஏறும் என்று தெரியாதா? நகைக்கடையில் கொடுத்த டைரியை என் வீட்டுக்காரர் லோகு தூசி தட்டிக் கொடுத்தார். "எழுது வாணி, என்னையத் திட்டி மட்டும் எழுதாத" என்றார். பார்க்கலாம்.

இன்றைய வேலை: ரசத்துக்குத் தாளிக்கும்போது பெருந்துறைப் பட்டறையிலிருந்து குப்புராஜ் மாஸ்டர் போன் செய்தார். அவர் அங்கே சாயத்துக்குத் தலைவர். மூன்றாம் நம்பர் மிஷினின் நிரலில் இரண்டு புதுக் கலர் சேர்க்க வேண்டும், மாம்பிஞ்சு, நாவல். கூடவே சோப்புக் கழுவலை 80 டிகிரியிலிருந்து 82 ஆக்க வேண்டும்.

"ரெண்டு டிகிரியில என்னங்க மாஸ்டர் ஆயிரும்?"

"உங்களுக்குத் தெரியாதுங் அம்மிணி. துணி சொல்லுமுங்."

பழைய கலரில் ஓடாதவற்றை எடுத்துவிடட்டுமா என்று வழக்கம்போலக் கேட்டேன். "ஐயோ, வேண்டாமுங்! நாலு வருசம் கழிச்சு அதே கலரு ஆர்டர் வரும். அப்ப நான் எங்க போயித் தேடுவனுங்?" என்றார், வழக்கம்போல. எந்த மாஸ்டரும் கலரை அழிக்க விடமாட்டார். பொண்டாட்டி நகையை விற்றாலும் விற்பார்கள்.

இங்கிருந்தே மோடம் வழியாக ஏற்றிவிட்டேன். பத்து நிமிஷ வேலை. ரசம் பொங்கிவிட்டது.

ஜூன் 17, செவ்வாய். காலை 136/88.

குப்புராஜ் மாஸ்டர் மறுபடியும். மூன்றாம் நம்பரில் பன்னிரண்டு நொடி அடித்து நிற்க வேண்டிய சைரன் ஒரு நிமிஷம் கத்துகிறதாம். ரிலே சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும், தட்டி விடச் சொல்லுங்கள் என்றேன். வைத்துவிட்டார்.

மாவு அரைத்தேன். உளுந்து சரியில்லை.

ஜூன் 21, சனி. காலை 134/86.

டாக்டர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

ஜூன் 27, வெள்ளி. காலை 136/86. மாலை 154/98.

பெருந்துறைப் பட்டறையில் விபத்து. காலை பதினொன்றே முக்காலுக்கு மூன்றாம் நம்பர் மிஷின் மூடி திறந்து, கொதிக்கிற சாயத் தண்ணீர் ஆபரேட்டர் மேல் கொட்டிவிட்டது. இரண்டு கையும் நெஞ்சும் வெந்துவிட்டதாம். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

ஆபரேட்டர் தங்கமாயன். உசிலம்பட்டிக்காரர், பதினாறு வருஷமாக அந்த மிஷின்களோடு இருப்பவர். நான் போகும்போதெல்லாம் என் லேப்டாப்புக்குக் கீழே துணி விரித்து வைப்பார். "சாயம் பட்டுரும் மேடம்" என்பார்.

மூடி அப்படித் திறக்கக்கூடாது. மூடிக்கான பட்டனை அமுக்கினால், தண்ணீர் 80 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று கன்ட்ரோலர் பார்க்கும். இருந்தால்தான் 'டக்'கென்று பூட்டு விடும். நூறுக்கு மேல் போனால் ஆவி அழுத்தமே ஒரு ஊசியைத் தள்ளி மூடியைப் பிடித்துக்கொள்ளும். 80-க்கும் 100-க்கும் நடுவில் காவல் எங்கள் நிரல் மட்டும்தான். இன்று திறந்தபோது 96.

ஜூன் 28, சனி. காலை 148/94.

ஆபீஸில் கூட்டம். முதலாளி தண்டபாணி சார் சட்டை நனைய வந்து உட்கார்ந்தார். நிரலைத் திறந்து காட்டினேன். கடைசியில் மூடிக்கான வரி: வெப்பம் 80-க்குக் கீழ் என்றால் பூட்டை விடு. 2014-லிருந்து அந்த வரியை யாரும் தொட்டதில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதே நிரலை ஓட்டி 96 டிகிரி என்று சொல்லிப் பார்த்தோம். பூட்டு விடவில்லை. பத்து தடவை ஓட்டினோம்.

"அப்பறம் என்னங்க? சாவிதான்" என்றார் சார்.

அவசரத்துக்கு ஒரு கைச்சாவி உண்டு. அதைத் திருப்பினால் எத்தனை டிகிரி இருந்தாலும் பூட்டு விடும். பட்டனால் திறந்ததா சாவியால் திறந்ததா என்று பதிவில் தெரியாது. தங்கமாயன் சாவியைத் திருப்பிவிட்டான் என்று பட்டறைக்காரர்கள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஜூலை 14-ம் தேதி தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணை. அதுவரை அந்த மிஷின் நிற்கும்.

எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. பொய் சொல்வானேன், இது பிரஷர் டைரி.

ஜூலை 1, செவ்வாய். காலை 146/92.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிப் போனேன், கையில்லாத மனுஷனுக்கு ஆரஞ்சு. என் புத்தி அப்படி. இரண்டு கையும் கட்டுப் போட்டு இரண்டு பக்கமும் தலையணை மேல் இருந்தது. மனைவி பேச்சியம்மாள் ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்.

"பதினாறு வருசமா இந்த மனுசன் சாவியத் தொட்டதில்ல மேடம். தொட்டாருன்னு எழுதிட்டாக" என்றார்.

தங்கமாயன் கண்ணைத் திறந்தார். "சாம்பிள் துணி எடுக்கணும்னு பட்டன அமுக்குனேன் மேடம். டக்குன்னு கேட்டுச்சு. டக்குன்னு கேட்டா எம்பதுக்குக் கீழன்னுதான நீங்க சொல்லிக் குடுத்தீக? கிட்டப் போனேன்."

"ஆமாங்க. அப்படித்தான் சொன்னேன்."

 குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏம் மேடம், எல்லாரும் சொல்றாக. ஒருவேள நாந்தான் சாவியத் திருப்பிப்புட்டு மறந்துட்டேனா? கண்ண மூடுனா கையில சாவி இருக்க மாதிரியே இருக்கு."

பேச்சியம்மாள் விசிறியை வீசி எறிந்தார். "பாத்தீகளா? சொல்லிச் சொல்லியே இவுக மண்டைக்குள்ளயும் ஏத்திட்டாங்கெ!"

 கை வெந்தது போதாதென்று, ஒரு மனுஷன் தன் ஞாபகத்தையே நம்ப முடியாமல் கிடக்கிறார். பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தது போதாது. அந்த மிஷினுக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவேண்டும்.

ஜூலை 3, வியாழன். காலை 144/94.

பெருந்துறை போய் வந்தேன். மூன்றாம் நம்பரைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருக்கிறது. கன்ட்ரோலர் பெட்டி நாடாவுக்கு வெளியே. குப்புராஜ் மாஸ்டர் கூடவே நின்றார், முகம் கொடுத்துப் பேசவில்லை. "எதுக்குங் அம்மிணி இன்னும் நோண்டறீங்க? ஆனது ஆகிப்போச்சு" என்றார்.

கன்ட்ரோலர் நினைவகம் முழுவதையும் அப்படியே நகல் எடுத்துக்கொண்டேன். ஆபீஸில் இருப்பது புது மொழிபெயர்ப்பி (கம்பைலர்). அது கம்ப்யூட்டரில் ஓடுகிறது. பழைய மிஷின்களில் அப்படி இல்லை. நாங்கள் எழுதும் நிரலைக் கன்ட்ரோலரே படித்துத் தனக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றிக்கொள்ளும். அந்த மாற்றும் வேலையைச் செய்கிற பழைய மொழிபெயர்ப்பி 2014-ல் எழுதியது. சிப்பில் இடமே இல்லாத காலம்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஜூலை 4, வெள்ளி. காலை 150/94.

லீவு போட்டேன். கடையில் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றும் பென்சிலும் வாங்கினேன். லோகு, "எந்த வகுப்பு சேந்திருக்க?" என்றார். 

டாக்டருக்கும் புரியட்டும் என்று எழுதுகிறேன். ஒரு கட்டளைக்கு 32 பிட். நோட்டில் வரிக்கு 32 கட்டம், ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. கடைசி ஆறு கட்டம் என்ன வேலை என்று சொல்லும்: கூட்டு, ஒப்பிடு, தாவு. அதற்கு முந்தைய எட்டு, விடையை என்ன செய்வது என்பதற்கு. முன்னால் இருக்கும் ஒன்பதும் ஒன்பதும் எதை எதோடு ஒப்பிடுவது என்பதற்கு.

ஒன்பதில் முதல் கட்டம் அடையாளம். அங்கே 0 என்றால், இப்போது அளந்து பெட்டியில் வைத்திருப்பதை எடு. 1 என்றால், பட்டியலில் இருக்கும் மாறாத எண்ணை எடு. எத்தனையாவது என்பதை மீதி எட்டுக் கட்டம் சொல்லும். நிரலில் வரும் எண்கள், கலர்களின் பெயர்கள் எல்லாம் முதலில் தலைகாட்டும் வரிசையில் அந்தப் பட்டியலில் ஆளுக்கொரு இடம் பிடிக்கும். வரிசை எண் 0-லிருந்து தொடங்கும்.

நானூற்றுச் சொச்சம் கட்டளைகள். பின்னாலிருந்து ஆரம்பித்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் மூடியின் கட்டளை கிடைத்துவிட்டது.

000000100. நான்காம் பெட்டியில் இருப்பதை எடு. அது வெப்பம், சரி.

100000010. பட்டியலில் இரண்டாம் எண்ணோடு ஒப்பிடு.

பட்டியலைப் பார்த்தேன். இரண்டாம் எண் 80 இல்லை. 130.

அதாவது 130 டிகிரிக்குக் கீழே இருந்தால் மூடியைத் திறக்கலாம் என்று மிஷின் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. 96 அதற்குத் தாராளமாகக் கீழே. மூன்று தடவை அழித்து எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் அதேதான்.

அந்த மனுஷன் சாவியைத் தொடவில்லை.

ஜூலை 5, சனி. காலை 158/100.

பழைய சிப் இருப்பது ஒன்பது பட்டறையில், மொத்தம் 43 மிஷின். ஒவ்வொரு மாஸ்டருக்கும் நானே போன் செய்தேன். டக்கென்று சத்தம் கேட்டாலும் நம்பாதீர்கள், டிகிரியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடிப் பக்கம் போகவேண்டும், எழுதி ஒட்டுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். சொல்கிறேன், முதலில் ஒட்டுங்கள் என்றேன்.

மாத்திரையை இரண்டாக்கிவிட்டார் டாக்டர்.

ஜூலை 6, ஞாயிறு. காலை 156/98.

80 எங்கே போனது என்று தெரிந்துவிட்டது.

முன்பு சோப்புக் கழுவல் 80 டிகிரியில் இருந்தது. அது நிரலின் மேலேயே வரும். அதனால் 80 பட்டியலில் மூன்றாம் எண்ணாக உட்கார்ந்திருந்தது, மூடியின் வரியும் அதையே எடுத்துக்கொண்டது. ஜூன் 12 அன்று கழுவல் 82 ஆனது. இனி 80 வருவது கடைசியில், மூடியின் வரியில் மட்டும். நடுவில் அழிக்காமல் சேர்த்துவைத்த அத்தனை கலர்களும், அவற்றின் எண்களும். அன்றைக்குச் சேர்ந்த மாம்பிஞ்சும் நாவலும் வேறு, ஒவ்வொன்றும் பெயரும் எண்களுமாக மூன்று இடம். 80-க்குக் கிடைத்த இடம் 258.

எட்டுக் கட்டத்தில் 255 வரைதான் எழுத முடியும். வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் முழுதாக ஓடிவிட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்குமே, அந்த மாதிரி. 258-ஐ எழுத ஒன்பது கட்டம் வேண்டும்: 100000010. அந்த முதல் 1 எங்கே போய் விழுகிறது? அடையாளம் வைக்கிற கட்டத்தில். அங்கே ஏற்கெனவே ஒரு 1 இருக்கிறது. ஒரே கட்டத்தில் இரண்டு ஒன்று. ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் ஒன்றாகத்தான் தெரியும். மிஷின் முதல் கட்டத்தை அடையாளம் என்று எடுத்துக்கொண்டு, மீதியை 2 என்று படித்துவிட்டது. பிழை என்று சொல்லவில்லை, நிற்கவில்லை. ஒழுங்காக வேலை செய்கிறதாகவே காட்டியது.

மூடியின் வரியை யாரும் தொடவில்லை என்று எத்தனை பெருமையாகச் சொன்னோம்.

257-ம் இடத்தில் இருந்தது 12. சைரனின் பன்னிரண்டு நொடி. அது பட்டியலின் ஒன்றாம் எண்ணாகிவிட்டது, 60. ஒரு நிமிஷம் கத்தியிருக்கிறது. விபத்துக்குப் பத்து நாளுக்கு முன்னால் மிஷின் தனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லியிருக்கிறது. ரிலே ஒட்டியிருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

2014-ல் எழுதியவர் ஒரு சின்னச் சோதனை போட்டிருக்கலாம். 255-ஐத் தாண்டினால் நிறுத்து என்று. மூன்று வரி.

லோகு தோசை ஊற்றிக்கொண்டே எல்லாம் கேட்டார். "யாரு எழுதுனது அது?"

"கம்பெனி."

"கம்பெனின்னா?"

தேங்காய்ச் சட்னியில் உப்பு இல்லை என்றேன்.

ஜூலை 7, திங்கள். காலை 160/100.

தண்டபாணி சாரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் எலக்ட்ரிகல் படித்தவர், சட்டென்று பிடித்துக்கொண்டார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு, "உடனே எல்லா மிஷினையும் சரி பண்ணிப்போடு வாணி" என்றார். சரிதான், அதற்குத்தான் வந்தேன். நிரலின் முதல் வரியிலேயே 80-ஐ எழுதிவிட்டால் அது பட்டியலில் முதல் ஆளாக உட்கார்ந்துவிடும், அப்புறம் எத்தனை கலர் சேர்த்தாலும் அசையாது. புது மொழிபெயர்ப்பி ஏற்றும் வரைக்கும் அது போதும். ஈரோட்டில் ஒரு பட்டறையில் பட்டியல் 251 வரை வந்து நிற்கிறது. இன்னும் இரண்டு கலர் கேட்டிருந்தால் அங்கேயும் இதே கதிதான்.

"மூணாம் நம்பருக்கும் ஏத்திப்போடு" என்றார்.

"அது விசாரணைக்கு இருக்குதுங்க சார். ஏத்துனா உள்ள இருக்கறது அழிஞ்சுரும்."

"அதுதான் சொல்றேன்."

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"இங்க பாரு. கம்பெனியில நாப்பது குடும்பம் இருக்குது. அவனுக்கு வைத்தியத்துக்கு நான் பாத்துக்கறேன், என்ன வேணுமோ செய்யறேன். தப்பு யாருதுன்னு எழுதணும்னு என்ன அவசியம்?"

"சாவியத் திருப்புனதா அவரே நெனைக்க ஆரம்பிச்சிட்டாருங்க சார்."

"வாணி, உன்ற நல்லதுக்கும் சேத்துத்தான் சொல்றேன். யாரு எழுதுனதுன்னு கேட்டா நான் யாரக் காட்டறது?"

42 மிஷினுக்கு ஏற்றினேன். சாயந்திரம் ஆகிவிட்டது. மூன்றாம் நம்பருக்கு ஏற்றவில்லை. ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போன் செய்து, விசாரணை அன்று மிஷினை ஓட்டிக் காட்ட அனுமதி கேட்டேன்.

ஜூலை 9, புதன். காலை 162/102.

டாக்டர் கேட்டது இதைத்தானே, எதனால் ஏறுகிறது என்று. எழுதுகிறேன்.

2014-ல் அந்த மொழிபெயர்ப்பியை எழுதியது நான். ஒற்றை ஆளாக, மூன்று மாதத்தில். 32 கட்டத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கினேன் என்று அவ்வளவு கர்வம் எனக்கு. ஆபீஸில் கேக் வெட்டினார்கள். சிப்பில் நாற்பது பைட் போதவில்லை. அந்தச் சோதனையை எடுத்துவிட்டால் இடம் கிடைத்தது. எடுத்தேன். பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். இன்று பழைய ஃபைலைத் திறந்து பார்த்தேன், அப்படியே இருக்கிறது: "எந்தப் பட்டறையும் 256-ஐத் தாண்டாது. கோகிலவாணி."

எந்த மாஸ்டரும் கலரை அழிக்கமாட்டார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிற்பாடு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இந்த வரி ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. சைரனைத் தட்டி விடச் சொன்னதும் நான்தான். யாரோ இல்லை.

லோகு முந்தைய பக்கங்களைப் படித்தாரா தெரியாது. காலையில் வாசல் வரை வந்து என் செருப்பை எடுத்து நேராக வைத்தார். இருபது வருஷத்தில் செய்ததில்லை.

ஜூலை 12, சனி. காலை 158/98.

குப்புராஜ் மாஸ்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். 80-ஐ 82 ஆக்கச் சொன்னது அவருடைய தப்பு இல்லை என்றும் சொன்னேன்.  

"திங்கக்கெழம நானும் இருக்கோணுமுங்களா?" என்றார்.

"இருந்தா நல்லதுங்க."

வைத்துவிட்டார்.

ஜூலை 14, திங்கள். காலை 156/98.

ஆய்வாளர் ஜெபராணி அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், கனத்த கண்ணாடி. சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. பட்டறை முதலாளி, அவருடைய வக்கீல், தண்டபாணி சார், குப்புராஜ் மாஸ்டர், நான். மிஷினில் துணி இல்லாமல் வெறும் தண்ணீர் நிரப்பி 96 டிகிரிக்குச் சூடாக்கினோம். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் எல்லோரையும் நிறுத்தினேன்.

"கைச்சாவி என் கையில இருக்கணும். எங்க அது?" என்றார் ஆய்வாளர்.

மாஸ்டர் பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டு ஸ்கூட்டர் சாவிக் கொத்தை எடுத்தார். வண்டிச் சாவி, வீட்டுச் சாவி, நடுவில் மூன்றாம் நம்பரின் கைச்சாவி. வளையத்திலிருந்து கழற்ற வரவில்லை.

"இது எப்பவுமே இந்தக் கொத்துலதான் இருக்குமா?"

"ஆமாங்."

"விபத்து அன்னிக்கு?"

மாஸ்டர் முதலாளியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "அன்னிக்கு நான் பதினோரு மணிக்கே கெளம்பி ஊருக்குப் போயிட்டனுங். சொல்லாமப் போயிட்டனுங். சாவி என்ற வண்டியிலதான் இருந்துச்சு."

"பதினேழு நாளா இத ஏன் சொல்லல?"

"பயமுங். வேலை நேரத்துல சாவியக் கொண்டுபோனா சீட்டக் கிழிச்சிருவாங்க."

வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். ஆய்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார். சாவிக் கொத்து முழுவதையும் வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "இப்ப அமுக்குங்க" என்றார்.

பட்டனை அமுக்கினேன்.

டக்.

மூடி இரண்டு விரல் அளவு எழும்பியது. ஆவி குப்பென்று கிளம்பி மேல்கூரை வரை போனது. மூடியிலிருந்து தள்ளி, பட்டன் பக்கம் நின்ற எனக்கே முகம் சுட்டது. அங்கே கையை நீட்டிக்கொண்டு நின்றவரை நினைத்தேன். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"இன்னொண்ணு காட்டணுங்க மேடம்" என்றேன். "ரெண்டே ரெண்டு கலர எடுத்துட்டு, வேற எதையும் தொடாம, இதே சூட்டுல மறுபடி அமுக்கறேன். எந்தக் கலருங்க மாஸ்டர்?"

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எதையோ எடுத்துப்போடுங்க அம்மிணி."

மாம்பிஞ்சையும் நாவலையும் எடுத்தேன். மிஷின் நிரலைத் திரும்ப மாற்றிக்கொண்டது. மறுபடி 96. அமுக்கினேன். சத்தமில்லை. பத்து தடவை அமுக்கினேன். மூடி அசையவில்லை.

கட்டம் போட்ட நோட்டை வாங்கி ஆய்வாளர் நின்றபடியே படித்தார். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டார். இரண்டு ஒன்றும் ஒரே கட்டத்தில் விழும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இத எழுதுனது யாரு?"

தண்டபாணி சார், "கம்பெனியில ஒரு குழு..." என்று ஆரம்பித்தார்.

"நான்தாங்க மேடம்" என்றேன். "இந்தச் சோதனைய எடுத்ததும் நான். சைரன் புகார் வந்தப்ப கவனிக்காம விட்டதும் நான். கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

போட்டேன். 

ஜூலை 15, செவ்வாய். காலை 148/94.

சார் பேசவில்லை. கம்பெனி வக்கீல் பேசுவாராம். அதுவரை புது மொழிபெயர்ப்பியை ஏற்றும் வேலையை நான்தான் செய்ய வேண்டும், வேறு யாருக்கும் தெரியாது. செய்வேன். அந்த மூன்று வரிகளை எழுதியாயிற்று. 255-ஐத் தாண்டினால் மிஷின் இனி ஓடவே ஓடாது, மூடி பூட்டியபடியே நிற்கும், திரையில் தமிழில் காரணம் வரும். மாஸ்டர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

ஜூலை 17, வியாழன். காலை 142/90.

நேற்றைய பக்கம் இந்த டைரியில் இல்லை, கிழித்தாயிற்று. எதற்கென்று எழுதிவைக்கிறேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கவில்லை. விசாரணையில் என்ன நடந்தது என்று பேச்சியம்மாளுக்கு யாரோ பாதி சொல்லியிருக்கிறார்கள். மீதியை நான் சொன்னேன். முதலில் சாவியைச் சொன்னேன், அது பதினைந்து மைல் தள்ளி ஒரு ஸ்கூட்டரில் தொங்கிக்கொண்டிருந்ததை. அப்புறம் என்னைச் சொன்னேன். கட்டமெல்லாம் சொல்லவில்லை. நான் எழுதியதில் ஒரு தப்பு, பதினோரு வருஷம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, அதுதான் மூடியைத் திறந்தது என்றேன்.

பேச்சியம்மாள் விசிறுவதை நிறுத்திவிட்டார். "நீங்க வந்து சொல்லாட்டி இவுக பைத்தியம் பிடிச்சுச் செத்திருப்பாக. சரி. ஆனா இந்தக் கை? ஒங்கள நல்லாருன்னு சொல்லவா, நாசமாப் போன்னு சொல்லவா? எனக்குத் தெரியல மேடம்" என்றார். எனக்கும் தெரியவில்லை. 

தங்கமாயன் ஒன்றை மட்டும்தான் கேட்டார். "அப்ப நா சாவியத் தொடவே இல்ல?"

"தொடவே இல்லைங்க. பட்டனைத்தான் அமுக்குனீங்க. டக்குன்னு கேட்டுத்தான் போனீங்க. நீங்க சொன்னது அத்தனையும் சரி."

"எழுதிக் குடுங்க."

ஆய்வாளரின் அறிக்கை வரும் என்றேன்.

"அது வரட்டும். நீங்க எழுதுங்க. ராத்திரி அந்த நெனப்பு வந்தா இவ படிச்சுக் காட்டுவா."

பையில் இந்த டைரிதான் இருந்தது. ஜூலை 16-ம் பக்கத்தில் மேலே அன்றைய பிரஷர் எழுதியிருந்தது, 144/92. அதற்குக் கீழே எழுதினேன். "தங்கமாயன் சாவியைத் தொடவில்லை. மூடியைத் திறந்தது நான் எழுதிய கட்டளை." பெயரைப் போட்டேன், முழுசாக. கிழித்து நீட்டினேன். வாங்க அவருக்குக் கை இல்லை என்பது நீட்டிய பிறகுதான் உறைத்தது. பேச்சியம்மாள் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இன்னொரு தடவ" என்றார் தங்கமாயன்.

பேச்சியம்மாள் மறுபடி படித்தார். தங்கமாயன் கண்ணை மூடிக்கொண்டார். நான் கிளம்பலாமா என்று தெரியாமல் நின்றேன். மூடிய கண்ணோடே, "மத்த மிசினு இனி அப்படித் தொறக்காதுல்ல மேடம்?" என்றார்.

"தொறக்காதுங்க" என்றேன். "இன்னும் ஒம்போது பட்டறை. ஒவ்வொண்ணுக்கும் நானே போயிப் பாத்துட்டு வர்றேன்."

இன்றைக்கு ஈரோடு. ஏழரை மணி பஸ்.